இனிப் பசிக்காது

கிள்ளான் நகரில் பள்ளி வேன் ஓட்டும் ரமணிக்கு இரைப்பையின் மேல்பகுதியில் புற்றுநோய் என்றார்கள். அவள் கேட்டது ஒன்றுதான். "ஸ்கூல் லீவுக்குள்ள முடிச்சிரலாமா டாக்டர்?"

வயிற்றைக் கிழிக்க மாட்டோம், சிறு துளைகள் போட்டு, கேமரா விட்டு, இரைப்பை முழுவதையும் எடுத்துவிடுவோம் என்றார் டாக்டர் சிவேந்திரன். உணவுக்குழாயைக் குடலோடு நேராக இணைத்துவிடுவார்களாம். வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல ரமணி கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கணவன் பாலன்தான் ஒவ்வொன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டிருந்தான்.

அறுவை முடிந்து, எழுந்து உட்கார முடிந்த அன்று பாலனிடம் கேட்டாள்.

"எப்படி இருந்துச்சு?"

"எது?"

"என்னோட இரைப்பை. வெட்டி எடுத்ததும் உங்ககிட்ட காட்டினாங்களாமே, நர்ஸ் சொன்னாங்க."

பாலன் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தான். "சின்னதா இருந்துச்சு மா. பிழிஞ்சு போட்ட துணி மாதிரி."

"ஓ," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு வீரம்மா தழும்புகளைப் பார்த்தாள். "இவ்ளோதானா லா? கொசு கடிச்ச மாதிரி இருக்கு!" அவள் சிரித்ததால் ரமணியும் சிரித்து வைத்தாள்.

பசி வரவில்லை. இனிப் பெரும்பாலும் வராது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சாப்பாட்டு வேளைக்காகக் கைப்பேசியில் வைத்த அலாரம் ஒலிக்கும்போதெல்லாம் அரை இட்லியோ இரண்டு கரண்டிக் கஞ்சியோ விழுங்கினாள். இனிப்பைத் தொட்டால் வியர்த்துக் கொட்டியது.

நோய் வேறெங்கும் பரவவில்லை, கீமோ தேவையில்லை என்று பரிசோதனை முடிவு வந்தது. டாக்டரின் முன்னாலேயே பாலன் அழுதுவிட்டான். ரமணி டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள். தனக்கும் அழுகை வருமா என்று கொஞ்சம் காத்திருந்தாள். வரவில்லை.

திரும்பும் வழியில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தார்கள். "எனக்கு ஒரு தே போதும்," என்று தேநீரோடு நிறுத்திக்கொண்டான் பாலன். அவனது சட்டை தோளில் தொங்குவதை ரமணி அப்போதுதான் கவனித்தாள். வீட்டில் அவன் அவள் எதிரில் சாப்பிடுவதே இல்லை. அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே எதையோ மென்றுவிட்டு வருவான்.

"அண்ணே, ஒரு வாழை இலைச் சாப்பாடு. மீன் கொழம்பு ஊத்துங்க," என்றாள்.

"நீ பாத்துக்கிட்டு இருக்கப்ப நான் எப்படிமா…"

"எனக்குத்தான் பசிக்காது. உங்களுக்குப் பசிக்கும்ல? சாப்பிடுங்க."

முதலில் கூச்சத்தோடு பிசைந்தான். பிறகு, பல நாள் பசித்தவன்போல அள்ளி அள்ளிச் சாப்பிட்டான். ரமணி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சோற்று வாளியோடு கடந்துபோனவரை நிறுத்தி, "இங்க இன்னும் கொஞ்சம் போடுங்க," என்றாள்.