ஒரே ஒரு அ

எங்கள் வீட்டில் நாலு பேர். அதில் மூன்று பேருக்கு அ தெரியாது. இரண்டு பேருக்கு இன்னும் படிக்கிற வயசு வரவில்லை. பெரியவளுக்கு நாலு முடியப்போகிறது, சின்னவள் அவளுக்கு ஒரு வயது இளையவள். மூன்றாவது ஆள் என் வீட்டுக்காரர்.

சிரிக்க வேண்டாம். ஊரிலுள்ள டாக்டர்களின் கிறுக்கலையெல்லாம் படித்த மனுஷர் அவர். மருந்துக்கடையில் வேலை. கோழி கிளறியது போல ஒரு சீட்டைக் கொண்டுவந்து நீட்டினால், எழுதிய டாக்டரே திணறுகிற மருந்தின் பெயரை இவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அடுத்த தெருக் கடைக்காரர்கள்கூடச் சீட்டைக் கொடுத்து ஆள் அனுப்புவார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கல்யாணமான புதிதில் என் கையெழுத்தைப் பார்த்து, "இவ்வளவு புரியற மாதிரி எழுதினா உன்னை எவன் மதிப்பான்?" என்று கிண்டல் செய்தார்.

ஒரு காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு அலமாரியைப் பார்த்திருக்கிறார். எல்லாப் பெட்டியிலும் ஏதோ வேற்று நாட்டு எழுத்து. சரக்கை மாற்றி இறக்கிவிட்டார்கள் என்று நினைத்து, முதலாளி வந்ததும் வராததுமாகச் சத்தம் போட்டிருக்கிறார். முதலாளி பார்த்தால் எல்லாம் நேற்று இவரே அடுக்கி வைத்த பெட்டிகள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். கை கால் நன்றாக இருக்கிறது. பேச்சும் எப்போதும் போலத்தான், வாய் ஓயாது. படிப்பு மட்டும் போய்விட்டது.

அதிலும் கொடுமை, அவருக்கு எழுத வருகிறது. தன் பெயரை முத்து முத்தாக எழுதுவார். எழுதி முடித்து அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன எழுதியிருக்கு?" என்று என்னைக் கேட்பார். முதல் தடவை கேட்டபோது நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இப்போது அழுவதில்லை. "உங்க பேருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருத்தி இருந்தாள். எழுத்தின் மேல் விரலை ஓட்டி எழுதிப் பார்த்து, அது என்னவென்று சொல்லச் சொன்னாள்; இவர் விரல் எழுதியது, ஆனால் அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவள் என்னிடம் சொன்னாள். "வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்காங்கல்ல? அவங்களோட சேர்ந்து உக்காரட்டும். ஒரே ஒரு எழுத்து எடுத்துக்குங்க. அது வந்துட்டா மத்ததுக்கு வழி கிடைக்கலாம்." கிடைக்கலாம் என்றுதான் சொன்னாள். நான் கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டேன். என் சுபாவம் அப்படி, அரைகுறையாகக் கேட்டுவிட்டு முழுசாக நம்புகிறவள்.

நான் பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் காலர் தைக்கிறேன். சட்டையை மடிக்கும்போது உள்ளே வைக்கிற அட்டையில் மூலை நசுங்கியது கழிவுக்குப் போகும். அதில் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்து, கறுப்பு மையில் பெரிதாக எழுதினேன். பாதி அட்டையில் அ, மீதியில் க, ம, ட. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் பாயை விரித்து மூன்று பேரையும் உட்காரவைப்பேன். அட்டையைக் காட்டி, "இது அ-வா, இல்லையா?" என்று கேட்பேன். அவ்வளவுதான் பாடம்.

சின்னவளைப் பொட்டலம் என்று கூப்பிடுவோம், எங்கே வைத்தாலும் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு உலகத்தில் எல்லாமே அ. அட்டை அ, மின்விசிறி அ, என் மூக்கு அ. பெரியவள் வாலு. பெயருக்கேற்ற வால்தான், ஆனால் மூளை கற்பூரம். அட்டையை நான் முழுசாகத் தூக்குவதற்குள் "அ!" என்று கத்திவிடுவாள். கத்திவிட்டு அப்பா முகத்தைப் பார்ப்பாள், மெச்சுவார் என்று.

மெச்சத்தான் செய்தார். "அடி கள்ளி, அப்பாவை முந்திட்டியே" என்பார். அப்புறம் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வருவார். அவர் முறை வரும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு அட்டையையே பார்ப்பார். "அ" என்பார். அது ட-வாக இருக்கும். "இல்லை" என்பார். அது அ-வாக இருக்கும். "நல்லாப் பாருங்க" என்பேன் நான். நல்லாப் பார்த்து வருவதாக இருந்தால் அந்த மனுஷர் எப்போதோ படித்திருப்பார். அது என் புத்திக்கு ஏறவில்லை. காலரில் தையல் கோணினால் பிரித்து மறுபடி தைக்கிற மாதிரி, இதையும் மறுபடி மறுபடி தைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது வாலு மக்கர் செய்ய ஆரம்பித்தாள். அட்டையைக் காட்டினால் உதட்டைப் பிதுக்கினாள்.

"தெரியல."

"நேத்து வரைக்கும் தெரிஞ்சுதே?"

"மறந்துட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. அப்பனுக்கு வந்தது பிள்ளைக்கும் வந்துவிட்டதோ என்று ஒரு நிமிஷம் பயந்தேன். ஆனால் அவள் கண் கள்ளத்தனமாகச் சிரித்தது. சரி, கொழுப்பு என்று விட்டுவிட்டேன். ஏனென்றால் அந்த வாரத்திலேயே இன்னொன்று நடந்தது. என் வீட்டுக்காரர் சரியாகச் சொன்னார்.

முதலில் ஒன்று. குருட்டாம்போக்கு என்று நினைத்தேன். அடுத்த நாள் நாலைந்து. அதற்கடுத்த நாள் நான் அட்டைகளை நன்றாகக் கலைத்துப்போட்டுக் காட்டினேன். அ வரும்போதெல்லாம் அ என்றார். மற்றவற்றுக்கு இல்லை என்றார். நான் அட்டைகளைப் பாயில் போட்டுவிட்டு அவர் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் முன்னால் அப்படியெல்லாம் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. வாலு கைதட்டினாள். பொட்டலமும் என்னவென்று தெரியாமல் தட்டியது. அன்று முழுக்க நான் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

மருந்துக்கடை முதலாளி நல்ல மனுஷர். இத்தனை மாதமாக என் வீட்டுக்காரர் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். ஆனால் ஒற்றை ஆளாக எத்தனை நாள் சமாளிப்பார்? வேறு ஆள் பார்க்கிறார் என்று கம்பெனியில் ஒருத்தி சொன்னாள். எனக்குக் கை ஓடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் முதலாளிக்குப் போன் செய்து, "அண்ணே, அவருக்குப் படிப்பு திரும்புது. நீங்களே வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் முகம் செத்துப்போயிற்று.

"ஏன் கூப்பிட்டே?"

"ஏன்னா? ஆள் வச்சிட்டாருன்னா அப்புறம் எங்க போவீங்க?"

"இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

"பொறுத்துப் பொறுத்துத்தான் இப்படி உக்காந்திருக்கோம். உங்களுக்குக் கூச்சம். சொல்லத் தெரியுது, அவர் முன்னாடி ஒரு தடவை சொல்லிட்டுப் போங்களேன்."

ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வாலு அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, "நானும் இருப்பேன்ப்பா" என்றாள். அவர் சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். பயந்தாங்கொள்ளி என்று மனசுக்குள் திட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் முதலாளி வந்தார். பிள்ளைகளுக்குச் சாக்லெட் வாங்கி வந்திருந்தார். நாற்காலி போட்டேன், அதை ஒதுக்கிவிட்டு எங்களோடு பாயில் உட்கார்ந்தார். மனுஷருக்குப் பேரப்பிள்ளை இல்லை, குழந்தையைக் கண்டால் விடமாட்டார். வாலு அப்பாவின் பக்கத்தில் அவர் காலோடு காலை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இங்க வா, சாக்லெட் பிரிச்சுத் தரேன்" என்று முதலாளி அவளை அப்படியே தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

நான் அட்டைகளைக் கலைத்தேன். எனக்குத்தான் அவசரம், முதல் அட்டையாகவே அ-வை எடுத்தேன்.

"இது அ-வா, இல்லையா?"

என் வீட்டுக்காரர் அட்டையைப் பார்த்தார். பழையபடி உதட்டைக் கடித்துக்கொண்டார்.

வாலு நெளிந்தாள். "விடுங்க, நான் எறங்கணும்."

"இருடா செல்லம், அப்பா சொல்லட்டும்" என்று முதலாளி அவள் இடுப்பை இன்னும் ஆசையாகக் கட்டிக்கொண்டார். அவள் சாக்லெட்டைக் கீழே போட்டாள். ஒரு காலை நீட்டினாள். பாயின் மேல் அந்தச் சின்னப் பாதம் எக்கி எக்கி அப்பாவின் காலைத் தேடியது. எட்டவில்லை. அவர் அட்டையைப் பார்க்கவில்லை, அந்தப் பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அப்போதுதான் முதல் முறையாகக் கீழே பார்த்தேன். இத்தனை நாளும் என் கண் அட்டையிலும் அவர் முகத்திலுமே இருந்துவிட்டது.

"அ!" என்று வாலு வீட்டை இடிக்கிற மாதிரி கத்தினாள். "அப்பா, அ-ப்பா! அது அ!"

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. "அட, பாப்பாவுக்கு நல்லாத் தெரியுதே!" என்று சிரித்தார். நான் அட்டையைக் கீழே வைத்தேன்.

"எனக்குத் தெரியலீங்க" என்றார் என் வீட்டுக்காரர். "நல்லாத் தெரிஞ்ச மாதிரி இவகிட்ட நடிச்சுட்டேன். இவ மேல தப்பில்லை. நீங்க ஆள் வச்சிக்குங்க. மருந்து மாத்திக் குடுத்துட்டா ஒரு உயிர் போயிடும்."

முதலாளி வாலுவை மடியிலிருந்து இறக்கிவிட்டார். எழுந்து போகும்போது இவர் தோளில் கை வைத்தார். மூட்டை இறக்குகிற வேலை இருக்கிறது, மனசு வந்தால் வா என்று சொன்னார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். எந்த டாக்டர் சீட்டையும் படிப்பவர் என்று பேர் வாங்கினவர், அதே கடையின் பின்வாசலில் மூட்டை இறக்குவதை நினைத்தபோது எனக்கு அந்த நல்ல மனுஷர் மேல் ஆத்திரமாக வந்தது.

கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டேன். "எத்தனை நாளா?"

"ஆரம்பத்துலேருந்து. மொத நாள் தெரியாம கால் பட்டுடுச்சுன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா, அ வர்றப்ப மட்டும் கட்டைவிரலை அமுக்குறா."

"உங்களுக்குப் புத்தி எங்க போச்சு? அவதான் குழந்தை."

"நெசந்தான்." பாயில் கிடந்த அட்டைகளைப் பொறுக்கி அடுக்கினார். "அன்னைக்கு நீ என் கன்னத்தைப் பிடிச்சே. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

எனக்கு அழுகை வந்தது, கதவைச் சாத்திக்கொள்ளவும் தோன்றவில்லை.

வாலு மூலையில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் சத்தமா சொல்லிட்டேன். அதான் அவரு போயிட்டாரா?" என்றாள். "இல்லடா, இல்லடா" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவள் நம்பவில்லை.

புது ஆள் வந்துவிட்டான். இவர் இன்னும் மூட்டைக்குப் போகவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பயிற்சி அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை மாதத்தில் வராதது இனிமேல் வருவது கஷ்டம் என்றாள். இந்தத் தடவை அரைகுறையாகக் கேட்க முடியவில்லை.

இருந்தாலும் பிள்ளைகளை விட முடியுமா? வாலுவைப் பள்ளியில் சேர்க்கிற நேரம் வந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் பாயை விரித்து அவளையும் பொட்டலத்தையும் மட்டும் உட்காரவைத்தேன். இவர் தள்ளி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அட்டையைத் தூக்கினேன்.

"இது என்னம்மா?"

வாலு அட்டையைப் பார்க்கவில்லை. திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பிறகு இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டாள். பொட்டலமும் அக்காவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"கண்ணைத் தொறடி."

"மாட்டேன்."

அவர் தவழ்ந்து வந்து அவள் முன்னால் உட்கார்ந்தார். "சொல்லும்மா. உனக்குத்தான் நல்லாத் தெரியுமே. நீ சொன்னா அப்பாவுக்குச் சந்தோஷம்தான். எழுந்து போகமாட்டேன்."

அவள் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் தடவி, அவர் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். கன்னம் ஈரமாக இருந்திருக்க வேண்டும். கையை எடுத்துத் தன் கவுனில் துடைத்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரிஞ்சதுக்கப்புறம் சொல்றேன்ப்பா" என்றாள்.