மஞ்சள் விழாத வாளி

கிட்ட வந்து இருங்கள், என் கண்ணுகளே. ஒரு கதை வைத்திருக்கிறேன். அது பிறந்தது லண்டன் ஹரோவில், ஒரு வீட்டுக் கூரைக்குள், 1992 மாரியில். எழுத எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எழுதி அடித்ததையும் அப்படியே விட்டிருக்கிறேன்.

1

அந்த வீட்டில் துயரம் சொட்டுச் சொட்டாக...

(வேண்டாம். சொட்டியது தண்ணீர்தான்.)

2

வீட்டைச் சூடாக்கும் பொயிலரின் புகைக்குழாய் கூரைக்குள்ளால் மேலே போகிறது. அதன் இரு துண்டுகள் சேரும் பொருத்தில் தண்ணீர் ஒழுகி, கீழே சாமிப்படத் தட்டு நனைந்தது. குழாயைப் பொருத்திப் பூட்டியவன் சிவகௌரியின் தம்பி குகதாசன். காஸ் வேலைக்குப் புதிதாகப் பத்திரம் எடுத்தவன். இன்னும் ஐந்து தமிழ் வீடுகளில் பூட்டியிருந்தான். வேலை பிழையென்றால் அவன் பெயர் போய்விடும்.

(சிவகௌரி வேறு யாருமல்ல, நான்தான். 'அவள்' என்று எழுதினால் பெருமை பாதியாகிறது. இனி 'நான்'.)

3

"ஓட்டால வாற மழைத்தண்ணியக்கா. என்ர குழாயில பிழையில்லை."

"அப்ப பாப்பம். மஞ்சள் கரைச்சுத் தாறன். ஏணியில ஏறி, வெளியில குழாயைச் சுத்தி ஊத்து. மஞ்சளா விழுந்தா பிழை ஓட்டில. வெறுந்தண்ணி விழுந்தா உன்னில."

"பெரிய இஞ்சினியர்!"

"ஓமடா, பிட்டு அவிக்கிற இஞ்சினியர்."

மழையில்லாத நாள். பொயிலர் எரிந்தது. அவன் மேலே ஊற்றினான்; கூரைக்குள் பொருத்தின் கீழ் நான் வைத்த வாளியில் விழுந்தது வெறுந்தண்ணீர்.

குகதாசன் பொருத்தையே பார்த்தான். ஊரில் தென்னோலைக் கிடுகு வேய்கிற மாதிரி, மேல்குழாயின் விளிம்பு கீழ்க்குழாயை வெளியே மூடியிருந்தது. மழைக்கு அது சரி. இங்கே தண்ணீர் உள்ளே பிறக்கிறது: புகையின் ஆவி குளிர்ந்து, பிட்டுப்பானை மூடியில் போல வியர்த்து, உட்பக்கமாக வழிந்து, பொருத்தால் வெளியேறுகிறது.

"மேல்குழாய் கீழ்க்குழாய்க்குள்ள இறங்கவேணும், அக்கா," என்றான், மெதுவாக.

பொயிலரை நிறுத்தி, எல்லாவற்றையும் திருப்பிப் பூட்டினான். தட்டு காய்ந்தது.

4

முடிவு ஒன்று: மற்ற ஐந்து வீடுகளைப் பற்றி அவன் வாயே திறக்க...

(இல்லை. என் தம்பி அப்படியல்ல.)

முடிவு இரண்டு: அவனுக்காக நானே போய்...

(அதுவும் இல்லை. அவை அவன் படியேற வேண்டிய வீடுகள்.)

நடந்தது இதுதான். சனிக்கிழமை காலை தன் வான் வண்டியில் ஏணியைக் கட்டினான்.

"என்னடா சொல்லப்போறாய்?"

"என்ர பிழை எண்டு."

"சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். இனி ஒழுகாதெல்லே."

எத்தனையோ பேருக்குப் பட்டம் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். அன்று போல என் நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

முதல் வீடு விம்பிள்டனில். மணியை அழுத்திவிட்டு நிற்கிறான். திறப்பவர் என்ன சொன்னார் என்று நான் எழுதமாட்டேன். கதவுக்குள் நிற்பது நீங்கள்.

உங்கள் கூரை காய்ந்திருக்கட்டும், பிள்ளைகளே. வீடு சூடாயிருக்கட்டும். தன் பிழையைச் சொல்ல வருகிறவனுக்கு உங்கள் அடுப்பில் எப்போதும் ஒரு தேத்தண்ணி இருக்கட்டும்.