கமிட்டி கூடிய கொலு

கல்யாணராமன் செய்த முதல் காரியம், மயூர் விஹார் ஃபிளாட்டின் பால்கனியில் உட்கார்ந்து, மனைவி மஞ்சுவின் தசாவதார பொம்மைகளை உப்புத்தாளால் தேய்த்துச் சாயத்தை உரித்ததுதான்.

"பிரஷ்ஷால அடிச்சா கோடு கோடாத் தெரியும்டி. ஏர்பிரஷ்ஷும் கம்ப்ரெஸரும் வாங்கறேன். காத்தோட கலந்து பெயின்ட் பனி மாதிரி விழும். இந்த வருஷக் கொலுவைப் பாரு!" என்றார். மூக்கும் முழியும் போன பத்து அவதாரங்களும் வெறும் களிமண்ணாக நின்றன.

வாங்கியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் மனுஷன் அமைச்சகத்தின் கொள்முதல் பிரிவில் காலம் தள்ளி ரிடையர் ஆனவர். மூன்று கொட்டேஷன் இல்லாமல் முறுக்குகூட வாங்க மாட்டார். தனியாக முடிவெடுத்தால் பழி தன் தலையில் விடியுமே என்று ஒரு கமிட்டி போட்டார். தலைவர் அவரே. உறுப்பினர், தணிக்கைத் துறையில் இருந்த மாடிவீட்டு வேதாந்தம்.

கரோல் பாக் கடைக்காரன் இந்தியில் புட்டுப்புட்டு வைத்தான். ஏர்பிரஷ்ஷில் விசையை அழுத்தினால் காற்றும் இழுத்தால் பெயின்டும் வருகிற டபுள் ஆக்‌ஷன், காற்றைச் சேர்த்துவைக்கச் சின்ன டாங்கி உள்ள கம்ப்ரெஸர், ஈரத்தைப் பிடிக்க ஒரு ஃபில்டர், அவ்வளவுதான் அங்கிள், என்றான். "அச்சா, அச்சா" என்று தலையாட்டிவிட்டுக் கையை வீசிக்கொண்டு வந்தார் கல்யாணராமன்.

வேதாந்தம் காபியை உறிஞ்சியபடி ஆட்சேபணை எழுப்பினார். "ஒரே அழுத்துல ரெண்டும் வர்ற சிங்கிள் ஆக்‌ஷன் இருக்கறச்சே டபுள் எதுக்கு ஓய்? டாங்கி எதுக்கு?"

"டாங்கி இல்லேன்னா காத்து விட்டு விட்டு வருமாம்."

"வருமாம்னா? யார் சர்டிஃபை பண்ணினா?"

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில் மெஷினின் சத்தம், அதற்கடுத்ததில் கேரண்டி. ஒவ்வொன்றுக்கும் காபி போட்டவள் மஞ்சு.

மஹாளய அமாவாசை வந்தே விட்டது. மஞ்சு காபி டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"ஏன்னா, நாளைக்குக் கொலு. வர்றவாளுக்கு இந்த மொட்டை மூஞ்சிகளையா காட்டுவேன்?"

"அவசரப்பட்டு வாங்கிட்டா அப்புறம் யார் பதில் சொல்றது?"

அட பாவி மனுஷா என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள். ஸ்டேஷனரி கடைக்குப் போய் நாலு பிரஷ்ஷும் பெயின்ட் டப்பாக்களும் வாங்கிவந்து, கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, கமிட்டியின் கண்ணெதிரிலேயே பத்துக்கும் முகம் எழுதினாள். ஒரு கோடும் தெரியவில்லை.

முதல் நாள் கொலுவுக்குக் காலனியே திரண்டது. "தசாவதாரம் ஜோர் மாமி!" என்றார்கள். மஞ்சு வாயைத் திறக்குமுன் வேதாந்தம் சுண்டலை மென்றபடி முந்திக்கொண்டார்: "அவசரப்பட்டு மெஷினை வாங்காம கமிட்டி நிதானமா இருந்ததாலதான் எல்லாம் நன்னா அமைஞ்சது." கல்யாணராமன் அடக்கமாகத் தலையசைத்தார்.

வேதாந்தத்தின் பேத்தி ஸ்ம்ருதி கீழ்ப்படியைக் காட்டினாள். மஞ்சு தனியாக வாங்கி வைத்த, சாயமே காணாத இரண்டு களிமண் ஆண் பொம்மைகள் அங்கே எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. "இது ரெண்டுக்கு மட்டும் ஏன் ஆன்ட்டி மூஞ்சி இல்லை?"

"அதுவா? அவாதான் கமிட்டி" என்றாள் மஞ்சு, கூடம் முழுக்கக் கேட்கும்படி. "மூஞ்சி வெச்சுக்கறதா வேண்டாமான்னு இன்னும் முடிவாகலை."

கூடம் கொல்லென்று சிரித்தது. கல்யாணராமன் சுண்டல் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார்.