முதல் மூட்டை

கந்தர்வக்கோட்டையில் துபாய்க்காரர் ஒருவரின் முந்திரித் தோப்பில் பதினாறு வருடம் பாடுபட்டவர் என் கட்சிக்காரர் மூக்கன். உடைமைக்காரர் அறிய, தன் சொத்தாகவே பன்னிரண்டு வருடம் அனுபவித்திருந்தால் போதும், சட்டப்படி நிலத்தைக் கேட்கலாம். "தோப்பு என்னோடதுன்னு மட்டும் சொல்லுங்க" என்று நூறு தடவை படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "அடுத்தவர் தோப்புல இத்தனை வருசமாத் திருடித்தானே தின்னீங்க?"

மூக்கனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரு திருடுனது? வருசா வருசம் மொத மூட்டைய தோப்புக்காரவுக வீட்டுல எறக்கிட்டுத்தான் எங்க வீட்டுக்கே கொண்டு போவேன்!"

தோப்பு அவர்களுடையது என்று தன் வாயாலேயே ஒத்துக்கொண்டாயிற்று. மூன்று வருட வழக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே வந்ததும் மூக்கன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டார்: "நல்லா குடுத்தேன்ல சார்?"