கமலினிக்குச் சொல்லாத ஸ்பொன்சர்

எங்கள் வீட்டில் விசா என்பது ஆள் மாற்றி ஆள் சுமக்கிற மூட்டை. முதலில் என் புருசன் நிதுஷன் மாணவ விசாவில் வந்தார், நான் அவர் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்த டிபெண்டன்ட். அவருக்கு வேலை ஒன்றும் சரிவரவில்லை. பிறகு நான் படித்து வேலை விசா எடுத்தேன், மனுசன் என்னுடைய டிபெண்டன்ட் ஆனார். கடைசியாக, மல்கிரேவில் நான் வேலை செய்யும் கம்பனி என்னைப் பி.ஆருக்கு, அதாவது நிரந்தர வதிவிட விசாவுக்கு, ஸ்பொன்சர் பண்ணச் சம்மதித்தது. அன்றைக்கு நிதுஷன் சொன்ன முதல் வார்த்தை, "கையிலை வருமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதை, கண்ணூறு பட்டிடும்."

நானும் தலையாட்டினேன். எங்கள் ஆட்களில் யார்தான் விசா விசயத்தை முன்கூட்டிச் சொல்கிறார்கள்? கேட்டால் "இன்னும் ஒண்டும் இல்லை" என்பார்கள். திடீரென்று ஒருநாள் பார்ட்டிக்குக் கூப்பிடுவார்கள்.

கமலினி வேலையில் எனக்குப் பக்கத்து மேசை. அவளும் என்னைப் போல வேலை விசாதான். புருசன் சுஜீதன் சிட்னியில், கிரவீனில் இருந்தான். அங்கே ஒரு கம்பனி அவனைத் தற்காலிக விசாவில் வைத்திருந்தது. என் சாப்பாட்டுப் பெட்டியில் பாதி எப்போதும் அவளுக்குத்தான் போகும். கத்தரிக்காய்ப் பொரியல் என்றால் முழுவதும் போகும்.

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள். "அக்கா, இவங்கள் ஆரையும் ஸ்பொன்சர் பண்ணுவாங்களோ? உங்களுக்கு ஏதும் தெரியுமே? என்ர விசா முடியப்போகுது. இல்லையெண்டால் வேலையை விட்டிட்டு, இவரின்ர விசாவிலை டிபெண்டன்டாச் சிட்னிக்குப் போயிடுவன்."

தெரியாது என்று சொன்னேன். அதோடு நிறுத்தினேனா? இவங்கள் ஒருத்தரையும் பண்ணமாட்டாங்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். பாழாய்ப்போன வாய், பொய்யென்றால் என்ன வேகம்! அவள் என்னை நம்பினாள். அடுத்த கிழமையே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். அப்போதாவது "பொறடி" என்றிருக்கலாம். புருசனும் பெண்சாதியும் ஒன்றாய் இருக்கப்போகிறார்கள், நல்லதுதானே என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன்.

சில மாதம் கழித்து மனேஜர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அந்த வருசம் இரண்டு பேரை ஸ்பொன்சர் பண்ண அனுமதி இருந்ததாம். கமலினி கேட்டிருந்தால் அவளையும் போட்டிருப்பார்களாம், அவள்தான் கேட்காமலே போய்விட்டாளாம். அன்றைக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஆனாலும் அவளுக்குச் சொன்னேனா? என் விசா வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு கேவலம் நான்.

பிறகு சுஜீதனின் கம்பனியை மூடிவிட்டார்கள். அவன் விசா தொங்க, அதில் தொங்கிய அவள் விசாவும் தொங்கியது. போனில் சொன்னபோது அவள் அழவில்லை. வேறு ஸ்பொன்சர் தேடுகிறோம், பார்ப்பம் அக்கா என்றாள். தேடித் தேடிக் கடைசியில் ஒன்றும் சரிவரவில்லை. ஊருக்குத் திரும்ப ரிக்கெட் போட்டார்கள். அதே கிழமை எனக்குப் பி.ஆர். வந்தது. நிதுஷன் வீட்டுக்குள் துள்ளித் திரிய, நான் பாத்ரூமுக்குள் பைப்பைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்துவிட்டார், பாவம்.

சனிக்கிழமை சிட்னிக்குப் பறந்தேன். கிரவீன் வீட்டில் எங்கு பார்த்தாலும் பெட்டிகள். சுஜீதன் காரை விற்கப் போயிருந்தான். கமலினி தேத்தண்ணி தந்துவிட்டு, கதைத்தபடியே உடுப்புகளை மடித்து அடுக்கினாள். எனக்காவது விசா ஏதும் சரிவந்ததா என்று கேட்டாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் கேட்ட நாளில் எனக்கு ஸ்பொன்சர் உறுதியாகியிருந்ததை, நான் சொன்ன பொய்யை, இரண்டாவது இடம் இருந்ததை, பி.ஆர். வந்ததை. ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அவள் மடித்த சேலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"என்ர கண் பட்டிடுமெண்டோ அக்கா பயந்தனீங்கள்?"

இல்லையடி என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் பொய். ஓமென்று தலையாட்டினேன். அப்போதுதான் கமலினி அழத் தொடங்கினாள்.