பச்சை விளக்குப் பெட்டி

பேட்டரியை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள் அக்கா. பெட்டி அப்போதும் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு மேசைமேல் இரண்டு பெட்டிகள். ஒன்று அசல்: மூலைகளில் பெயிண்ட் உதிர்ந்த, சிவப்பு விளக்கு வைத்த ஓவர்டிரைவ் பெடல். கிதாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அதை மாட்டிக் காலால் ஒரு மிதி மிதித்தால், தெளிவாகப் போய்க்கொண்டிருக்கும் சத்தம் தடித்துக் கரகரத்துவிடும், தொண்டை கட்டிய ஆள் உயிரைக் கொடுத்துப் பாடுகிற மாதிரி. மற்றது அக்கா செய்த நகல். டிராயரில் சிவப்பு விளக்கு தீர்ந்துபோயிருந்ததால் பச்சை வைத்திருந்தாள். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்க நடுவில் ஒரு சுவிட்சு. அதுவும் அவள் கைவேலைதான். இப்போது சுவிட்சு நகல் பக்கம் இருந்தது. நகலின் பேட்டரியோ அவள் உள்ளங்கையில். ஜன்னலோரம் உட்கார்ந்து தம்பி வாசித்துக்கொண்டிருந்தான், சத்தம் கரகரவென்று வந்துகொண்டேயிருந்தது.

வாரம் முழுக்க இந்த வீட்டில் இதே கூத்துதான். ஒரு இசைக்குழுவில் கிதார் வாசித்தவர் வேறு ஊருக்குப் போகிறார். குழுவை நடத்தும் தாடிக்காரர் தம்பியைக் கூப்பிட்டு, போகிறவரின் பெட்டியைக் கையில் கொடுத்தார். "அவரு இதத் திருப்பிக் கேக்குறாரு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் வச்சுக்க. இதே சத்தத்தோட வந்து வாசிச்சுக் காட்டு, இடம் உனக்கு." அக்காவுக்கு போன் ரிப்பேர் கடையில் வேலை. பகலெல்லாம் பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்து அடுத்தவர்களின் உடைந்த போன்களுக்கு ஈயம் பற்றவைத்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் தம்பிக்குப் பற்றவைக்க வேண்டும். கழுத்து திரும்புவதில்லை. கண்ணை மூடினாலும் ஈயப் பொட்டுகள்தான் மினுங்கின.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. "இன்னும் கொஞ்சம் தடிமனா இருக்கணும்க்கா" என்பான். அவள் ஒரு கண்டன்சரை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவாள். "இப்ப மேல கீச்சுனு இருக்குக்கா." ஒரு ரெசிஸ்டரை மாற்றுவாள். சுவிட்சைத் தட்டித் தட்டிக் கேட்டுவிட்டு, "ஆமாண்டா, இப்பக் கீச்சு குறைஞ்சிருக்கு" என்று அவளே சொல்லவும் சொல்லியிருக்கிறாள். கழற்றியதெல்லாம் ஒரு டப்பா மூடியில் குவிந்துகிடந்தது. அவள் வீட்டுக்காரர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, "உன் தம்பி கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்திருந்தாக்கூட இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனார்.

இன்று ஞாயிறு. சாயங்காலம் தாடிக்காரர் இடத்துக்குப் போயாக வேண்டும். காலையில் பார்த்தால் நகலின் பச்சை விளக்கு மங்கிக் கிடந்தது. ஒயரைப் பிடுங்காமல் வைத்தால் பெட்டி பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். இதைத் தம்பிக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துப்போயிருந்தது. வீட்டில் வேறு பேட்டரி இல்லை. கரண்ட் அளக்கும் தன் மீட்டரிலிருந்து ஒன்றைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, நகலிலிருந்த பழையதை எடுத்தாள். எடுத்த பிறகும் பெட்டி சத்தம் கொடுத்தது.

"டேய், நிறுத்து. இப்ப எது கேட்டுச்சு?"

"நகல்தான். இன்னும் கொஞ்சம் ஈரம் பத்தலக்கா."

அவள் பேட்டரியைத் தூக்கிக் காட்டினாள். அவன் கை கம்பிகள்மேல் அப்படியே நின்றது.

சுவிட்சுப் பெட்டியைத் திருப்பி மூடியைக் கழற்றினாள். முதல் நாள் அசலை மட்டும் சரிபார்க்க, சுவிட்சைத் தாண்டி நேராக ஒரு துண்டுக் கம்பியைப் பற்றவைத்திருந்தாள். அதை எடுத்துவிட்டு நகலின் ஒயரை மாட்டியிருக்க வேண்டும். துண்டுக் கம்பி இருந்த இடத்தில் இருந்தது. நகலின் ஒயர் எதையும் தொடாமல் மூலையில் சும்மா கிடந்தது. கடையில் யாராவது பையன் இப்படிச் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பாள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது, அப்புறம் இரண்டுக்குமே தெம்பில்லை என்று தெரிந்தது.

"ஒரு வாரமா அசலையும் அசலையும் ஒப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கோம்டா. இதுல தடிமனாம், கீச்சாம், ஈரமாம். என் காதையும் சேத்துச் செருப்பால அடிக்கணும்."

அவன் கிதாரை மடியிலிருந்து இறக்கவில்லை. குனிந்தபடியே சொன்னான். "எனக்குத் தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"முதல் நாளே தெரியும். ரெண்டு பக்கமும் ஒரே பெட்டிதான் கேட்டுச்சு."

"அப்புறம் ஏன்டா இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு என் உயிர எடுத்த?"

"சரியாயிடுச்சுன்னு சொன்னா, நான் போகணுமே."

அவளுக்கு வந்த கோபத்தில் மேசையைக் கவிழ்த்திருக்கலாம். ஆனால் அவன் முகம், முன்பு ஒருமுறை மேடையில் அவள் பார்த்த முகமாக இருந்தது. பாட்டுக்கு நடுவில் விரல் மறந்து அவன் நின்றதும், கூட்டத்தில் எவனோ விசில் அடித்ததும், இவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் அவன் குடோனில் அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டப் போனவன்தான். ஏறின மேடை ஒன்றுமில்லை. இந்த ஒரு அழைப்பு வரவே இவ்வளவு காலமாயிற்று. இனி ஒன்று வருமா என்று யார் கண்டது?

அவள் துண்டுக் கம்பியை எடுத்துவிட்டு, சுவிட்சைச் சரியாக மாட்டினாள். பேட்டரியை வைத்தாள். "வாசி" என்றாள்.

நகலின் சத்தத்தை அன்றுதான் இருவரும் முதன்முதலாகக் கேட்டார்கள். கண்றாவி. தகர டப்பாவுக்குள் கொசு மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. இல்லாத குறைகளுக்கெல்லாம் வைத்தியம் பார்த்து அதைக் குட்டிச்சுவராக்கியிருந்தாள். டப்பா மூடியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கழற்றியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பற்றவைத்தாள். ஈயப்புகை கண்ணைக் கரித்தது. தம்பி கேட்காமலே வந்து டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மறுபடி வாசித்தான். சுவிட்சை அவனே தட்டினான். அசல், நகல், அசல். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டான்.

"அதே மாதிரி இருக்கா?"

"இல்லக்கா. கிட்ட வந்திருக்கு. கீழ கொஞ்சம் வறண்டு இருக்கு. ஆனா வாசிக்கலாம்."

ஒரு வாரத்தில் சத்தத்தைப் பற்றி அவன் சொன்ன முதல் நிஜம் அதுதான் என்று அவளுக்குப் பட்டது. சந்தோஷப்படத் தோன்றவில்லை. படுத்தால் போதும்போல இருந்தது.

"அங்க போய் மறுபடி விரல் நின்னுடுச்சுன்னா?"

"நின்னா நிக்கட்டும். வீட்டுக்கு வா, சாப்பிடு, தூங்கு. பெட்டி சரியில்லன்னு மட்டும் இனிமே சொல்லாத. என்னால முடியலடா."

அவன் தலையாட்டினான். சட்டையை மாற்றினான், மறுபடி மாற்றினான், தண்ணீர் குடித்தான், கிதாரைத் தோளில் மாட்டினான். இரண்டு பெட்டிகளையும் துணிப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கினான். அக்கா ஜன்னலுக்கு வந்தாள். தெருவில் வெயில் இறங்கிவிட்டிருந்தது. தெருமுனைக்குப் போய் நின்றான். திரும்பிவிடுவான் என்றே நினைத்தாள். வலது கையிலிருந்த பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டான், அவ்வளவுதான்.

அப்போதுதான் பார்த்தாள். பையின் துணிக்குள் சின்னதாகப் பச்சை வெளிச்சம். ஒயரைப் பிடுங்காமலே போட்டிருக்கிறான், பாவி. மீட்டரில் கிடந்து பாதி தீர்ந்த பேட்டரி. போய்ச் சேரும் வரை தாங்குமோ தாங்காதோ.

கூப்பிட வாயைத் திறந்தாள். ஒரு குரல் கொடுத்தால் போதும், திரும்பி வந்துவிடுவான். வந்தால் அப்புறம் போகமாட்டான்.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பச்சை வெளிச்சம் தெருவைக் கடந்து, பஸ்ஸுக்கு நின்றவர்களின் கால்களுக்கு நடுவே போய் நின்றது.