சிவப்பு விளக்கில் காணாமல் போன படம்

ஒன்பதாம் வகுப்பில் அவளுக்கு நத்தை என்று பேர். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் போதும், ஓட்டுக்குள் போய்விடுவாள். ஆண்டுவிழாவுக்கு ஓவியக் குழுவில் சேர்ந்ததே, படம் வரைந்தவளை யாரும் மேடையேற்ற மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான்.

நாடகத்தின் கடைசிக் காட்சிக்காக வெள்ளைத் துணியில் ஆளுயரத்துக்கு ஒரு பெண்ணை வரைந்திருந்தாள். முழுக்கச் சிவப்பு. மகளைத் தொலைத்த தாய், சுவரில் மகளின் அந்தப் படத்தைக் கண்டு கட்டிக்கொள்ள வேண்டும். பாட்டு ஓர் அறையில், நடிப்பு ஓர் அறையில், ஓவியம் ஓர் அறையில் என்று ஒரு மாதம் அமர்க்களம். விளக்குகள் விழா அன்றுதான் வாடகைக்கு வந்தன. அந்திக் காட்சியாச்சே என்று நாடக சார் சிவப்பு விளக்கு கேட்டிருந்தார். அவர் நத்தையிடம் கேட்கவில்லை. நத்தைக்கு யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமே இல்லை.

கடைசிக் காட்சியில் சிவப்பு விளக்கு எரிந்தது. வெள்ளைத் துணியும் சிவப்பாகிவிட, அதிலிருந்த படம் அடையாளமே இல்லாமல் போய்விட்டது. ஓரத்திரைக்குப் பின்னால் நின்ற நத்தை அதைப் பார்த்துவிட்டாள்.

விளக்குக்காரர் நானூறு தலைகளுக்கு அப்பால் உட்கார்ந்திருந்தார். நத்தை எட்டிப் பார்த்துக் கையை ஆட்டினாள். பாராட்டுகிறாள் என்று நினைத்து அந்த மனுஷனும் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்.

பக்கத்தில் வயலின் அக்கா வாசித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, படம் தெரியலக்கா. நிறுத்துங்க."

"நிறுத்தினா எல்லாம் போச்சு. நான் இதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். நீ ஏதாவது பண்ணு."

தாயாக நடித்த பத்தாம் வகுப்புப் பெண் மேடையில் கைகளை நீட்டியபடி வெறும் துணியைத் தேடிக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

நத்தை மேடைக்குப் போனாள். தான் வரைந்த இடத்தில், படத்தில் இருந்தது போலவே கைகளை விரித்து நின்றாள். கண்ணைத் திறந்தால் செத்தே போவோம் என்று இறுக மூடிக்கொண்டாள்.

தாய் ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"நடுங்காதடி. படம் நடுங்காது," என்றாள் காதோரமாக.

"பயமா இருக்குக்கா."

கட்டியிருந்த கைகள் இன்னும் இறுகின. அப்போதுதான் நத்தைக்குத் தெரிந்தது. மூன்று வருஷமாக எல்லா நாடகத்திலும் வெளுத்துக்கட்டுகிறவளின் உடம்பு, தன் உடம்பைவிட மோசமாக உதறிக்கொண்டிருந்தது.

படம் கைகளை மடக்கித் தாயைப் பிடித்துக்கொண்டது.